அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்த ஐந்தாம் பாகம்

அந்த நரியைக் கொன்றிருக்கவே வேண்டாம், இல்லையா பவி? என் கண்ணு, என் சாமி, நேற்று உன் கதைப் புத்தகத்தில் நாலாம் பாகத்தை முடித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் பாகத்திலிருந்து அந்தப் பெண்ணோடு கூடவே நடந்து வந்த நரி. பேசத் தெரிந்த நரி. அதை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு எல்லாரும் எப்படித்தான் போனார்களோ.

நீ இதைப் படித்த அன்றைக்குத் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு அழுதாய். நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "காயிதத்துல இருக்கற நரிக்கு எதுக்குடி ஒப்பாரி? எந்திரிச்சு மாத்திரையப் போடு" என்றேன். நேற்று மிளகைக் காயப் போட்டுவிட்டுப் பாய் ஓரமாக உட்கார்ந்து நானும் அப்படித்தான் அழுதேன். மாத்திரை போடச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

ஆமாம், உன் அத்தைதான் படிக்கிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்த படிப்பு. வரிக்குக் கீழே விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தான் போகிறேன். நீ ஒரு பாகத்தை இரண்டு நாளில் முடிப்பாய். எனக்கு நாலு பாகத்துக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது. நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த அட்டையைப் பார்த்தே பயந்தவள் நான். கொம்பும் சிறகுமாய் ஒரு ஜந்து, வாயில் நெருப்பு. ஊட்டுக்குள் இது எதற்கு என்று அதன் நெற்றியில் திருநீறு பூசி, குங்குமமும் வைத்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தவள் மூச்சு வாங்கும் வரைக்கும் சிரித்தாய்.

"அத்த, டிராகனுக்குப் பொட்டு வெச்சிட்டீங்களா! இனி அது சைவமாத்தான் சாப்புடும்."

"சிரிக்காத. கெட்டதெல்லாம் படிச்சா கெட்டது ஊட்டுக்குள்ள வந்துரும்."

"நம்ம எட்டுக்கை அம்மன் சிரிச்சே ஆளக் கொல்லும்னு நீங்க சொல்றது மட்டும் என்னவாமா?"

"அது சாமிடி. இது கதை."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க அத்த" என்று கையெடுத்துக் கும்பிட்டாய், குறும்புக்காரி.

பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை உனக்கு. ஊட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவாய். குச்சிக்கிழங்குக் காட்டு மேட்டை உன்னால் ஏற முடியாது. நான் மேட்டில் நின்று கூப்பிட்டால் கீழேயிருந்து புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவாய். "நான் இங்க மலையையே தாண்டீட்டேன், நீங்க இன்னும் களை எடுத்துட்டு இருக்கீங்க" என்பாய். அதை நான் வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். இப்போது படிக்கும்போதுதான் தெரிகிறது. அந்தப் பெண் சிறகு உள்ள ஜந்தின் முதுகில் ஏறும் பக்கத்தில், ஓரத்தில் உன் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறி இருக்கிறது. எத்தனை தடவை அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்தாய் கண்ணு?

ஒருநாள் கேட்டேன், அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று. நீ யோசிக்கவே இல்லை. "இதுல பதனாறு வயசுப் புள்ள பேச்ச ஒரு நாடே கேக்குது அத்த. நம்மூட்ல என்ற பேச்ச யாரு கேக்கறா?" என்றாய்.

"நான் கேக்கலியா?"

"நீங்க பேசுவீங்க அத்த. கேக்க மாட்டீங்க."

அப்போது எனக்குச் சுருக்கென்றது. அதற்கும் ஒரு மணி நேரம் பேசினேன்.

அந்தக் கதவுகளைப் பற்றியும் சொன்னாய். ஒவ்வொரு பாகத்திலும் அந்தப் பெண் இரண்டு கதவுக்கு முன்னால் நிற்பாள். வெள்ளைக் கதவில் போனால் அவள் ஊட்டுக்கே போய்விடலாம். சிவப்புக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவள் சிவப்பைத்தான் திறப்பாள். "கிறுக்கி, நல்லபடியா ஊடு போய்ச் சேர வேண்டியதுதானே" என்றேன். "ஊட்டுக்குப் போனா அவ மறுபடியும் நோஞ்சான் புள்ள அத்த. செவப்புல போனாத்தான் அவ அவளா இருப்பா" என்றாய்.

ஐந்தாம் பாகம் வந்த சமயத்தில் நீ சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாய். காய்ச்சலில் "கதவத் திறக்காதீங்க, அது வெளிய நிக்குது" என்று உளறினாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். அந்த ஜந்துவைப் பார்த்துப் பிள்ளை பயந்துவிட்டது, அந்தப் பயம்தான் காய்ச்சலாக நிற்கிறது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே.

சோளக்காடு ஊர்க் கடையில் புத்தகப் பார்சலை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும்போது நீயே கூப்பிட்டாய். காய்ச்சல் விட்டிருந்தது, குரல் தெளிவாக இருந்தது. "புத்தகம் வந்துருச்சு, ஆனா அம்மன்கிட்டப் பூக் கேட்டுட்டுத்தான் குடுப்பேன்" என்றேன். நீ என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாய். பக்கத்தில் பலாப்பழம் ஏற்றுகிற சத்தம். "செரி கண்ணு, செரி கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

கோயிலில் பூசாரி சிரித்தார். "ஏனுங்கம்மிணி, புத்தகத்துக்கெல்லாமா பூக் கேக்கறது?"

"கேட்டுப் பாருங்க சாமி. மனசு சரியில்லீங்க."

"வழக்கம் போலத்தானுங்களே? வெள்ளைன்னா செரி, செவப்புன்னா வேண்டாம்."

"ஆமாங்க" என்றேன்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தார். சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பாப்பா ஒன்றை எடுத்தது. பிரித்தால் சிவப்பு. அவ்வளவுதான், புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி நம் ஊட்டு அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வெறுங்கையோடு மலை இறங்கினேன்.

அதற்குள் உன் முகத்தில் மூச்சு விடுகிற குழாய் மாட்டியிருந்தார்கள். பேச முடியாது. என் கையைப் பார்த்தாய், பையைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். "அம்மன் உத்தரவு குடுக்கல கண்ணு" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மூன்றாம் நாள் உன்னை மலைக்குக் கொண்டுவந்தோம்.

உன் உயிரைப் புத்தகம் காப்பாற்றியிருக்காது, அது எனக்குத் தெரியும் சாமி. ஆனால் மூன்று நாள் இருந்ததே. நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியாவது படித்திருக்கலாமே. கதை எப்படி முடிகிறது என்று தெரியாமலே உன்னை அனுப்பிவிட்டேனே.

இங்கே என்ன சேதி என்று சொல்கிறேன். உன் அப்பன் மிளகுக் கொடியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறான். உன் அம்மா உன் பையை இன்னும் ஆணியில்தான் மாட்டியிருக்கிறாள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறேன். கை பழக்கத்தில் வைக்கிறது. அம்மன் முன்னால் நின்றால் கேட்க ஒன்றுமே வரவில்லை. ஒரு மணி நேரம் அம்மனிடம் பேசுகிறவளாக இருந்தேனே, எங்கே போயிற்று அந்தப் பேச்செல்லாம்? உத்தரவு கேட்டுத்தானே செய்தேன்? அப்புறமும் ஏன் மனசு ஆற மாட்டேன் என்கிறது?

நேற்று அந்த மஞ்சள் துணியை அவிழ்த்தேன். அட்டையில் அந்தப் பெண் கதவுப் பிடியில் கை வைத்தபடி நிற்கிறாள். உள்ளே நான் இன்னும் திறக்கவில்லை. உனக்கு முன்னால் எனக்கு எதற்கு?

நாளையிலிருந்து தினமும் உன்னை வைத்த இடத்துக்கு வருகிறேன், அந்த சில்வர் ஓக் மரத்தடிக்கு. ஐந்தாம் பாகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படிக்கிறேன். எத்தனை மாசம் ஆனாலும் சரி. ஒரு பக்கமும் தாண்ட மாட்டேன். நடுவில் என் பேச்சைக் கலக்க மாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
உன் அப்பனுக்கு மூத்த,
உன் அத்தை.

காகிதத்தை மடித்துவிட்டேன், மறுபடி பிரிக்கிறேன். அட்டையை இன்னொரு தடவை பார்த்தேன் பவி. அவள் கை வைத்திருக்கிற சிவப்புக் கதவைப் பார்த்ததும், பலாப்பழச் சத்தத்துக்கு நடுவில் அன்றைக்கு நீ போனில் சொன்னது அப்படியே காதில் விழுகிறது. "அத்த, எனக்கு மட்டும் மாத்திக் கேளுங்க. செவப்பு வந்தா குடுக்கணும், வெள்ளை வந்தா வேண்டாம். செரியா?" நான் "செரி கண்ணு" என்றேன். ஆஸ்பத்திரியில் நீ வெள்ளை வந்தது என்று நினைத்துத்தானே கண்ணை மூடினாய்?

வந்தது சிவப்பு, கண்ணு.