மருமகளுக்குக் கொண்டுவந்த சேலை

பேரனுக்குத் தூளி கட்டவேண்டும் என்று மகள் என் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டாள். நான் அடுப்படியில் பத்தியக் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பாச்சை உருண்டை வாடை முதலில் வந்தது. பின்னாலேயே அவள் வந்தாள், கையில் அந்தக் கண்டாங்கியோடு. அரக்கு நிறம், கட்டம் போட்டது, மஞ்சள் கரை.

"ஏம்மா, இம்புட்டு நல்ல சேலைய உடுத்தாமயே வச்சிருக்க. ஆரு வாங்கிக் குடுத்தது?"

"உங்க மாமா வீட்டுச் சேலை."

"மலாயா மாமா வீட்டுதா? அப்ப எம்பிள்ளைக்குத்தான்."

"மடிப்புல நைஞ்சிருக்கும், ரெட்டையாப் போட்டுக் கட்டு" என்று மட்டும் சொன்னேன். விட்டத்தில் கயிற்றைப் போட்டுக் கட்டிவிட்டாள். பிள்ளை இப்போது அதற்குள் தூங்குகிறான். ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு எழுத்து முன்னே பின்னே போகும், நீங்கள் சிரிக்கக் கூடாது. கடிதம் என்றால் மேலே ஒரு அழைப்பு இருக்கவேண்டும் அல்லவா? அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதலில் நான் வைத்த பேர் மலாயாக்காரர். காரைக்குடிச் சந்தைப்பேட்டை ஓரத்தில் நீங்கள் வாடகை சைக்கிள் கடை போட்டிருந்தீர்கள். மலாயாவிலிருந்து திரும்பி ஒரு வருஷம் ஆகியிருக்கும். நானும் என் அத்தையும் சந்தை தவறாமல் கத்தரிக்காய்க் கூடையோடு கோவிலூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்து உங்கள் கடைக்கு எதிரே சாக்கு விரிப்போம். பிறந்தபோதே அம்மாவை இழந்தவள் நான். தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்த அத்தைதான் என்னை வளர்த்தது. அத்தை இல்லாத நேரம் பார்த்துத்தான் நான் உங்களைச் சீண்டுவேன்.

"என்ன மலாயாக்காரரே, அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்தீக. ஒரு சீனாக்காரியக் கூட்டிட்டு வரக் கூடாதா? எங்களுக்கும் பொழுது போகும்ல."

நீங்கள் பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னீர்கள். "அவுககிட்டப் பொண்ணு எடுக்குறது லேசில்ல புள்ள. குடும்பப் பேரு ஒண்ணா இருந்தா கட்ட மாட்டாக. அவன் வடக்கே கெடப்பான், இவ தெக்கே கெடப்பா, முன்னப்பின்னப் பாத்திருக்க மாட்டாக. பேரு ஒண்ணுன்னா அண்ணன் தங்கச்சி. ராசாக்க காலத்துல இருந்தே அப்படியாம். எங்க பக்கத்துக் கடை மருந்துக்காரச் சீனரு சொன்னாரு."

"பேரே தெரியலைன்னா?"

"குறி கேப்பாகளாம். வெலைக்கு வாங்கிட்டு வந்த பொம்பளையா இருந்தாக்கூட, சாமிகிட்டக் குறி கேட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள விடணும்னு அந்தக் காலத்துலயே எழுதி வச்சிருக்காகளாம்."

"அத்தை மக, மாமன் மக?"

"அது உண்டு, பேரு வேறயா இருந்தா. ரெண்டு வீடு தலைமுறை தலைமுறையாக் குடுத்து வாங்கிக்கிருவாகளாம். ஆனா நம்ம பக்கம் செல ஆளுகள்ல அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவான்னு சொன்னேன் பாரு, அந்தாளு குடிச்சிக்கிட்டிருந்த டீயைக் கீழ வச்சுட்டாரு. நம்மளக் காட்டுமிராண்டின்னு முடிவு பண்ணிட்டாரு. இத்தனைக்கும் அவுகள்ல சித்தி மகளையே கட்டலாமாம்."

"ச்சீ. சித்தி மக தங்கச்சியில்ல. அவுகதான் காட்டுமிராண்டி."

அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கருவாட்டுக்காரி எழுந்து வந்து என்ன என்று கேட்டாள். மூஞ்சி தெரியாதவன் எப்படி அண்ணன் ஆவான், என்ன கூறுகெட்ட சனம் என்று நான் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். நம் ஆட்களுக்குக் கிளை என்று ஒன்று இருக்கிறதே, அது தாய் வழியாக வருகிறதே, ஒரே கிளை என்றால் எந்த ஊரானாலும் நாமும் அண்ணன் தங்கச்சிதானே என்பது நம் இருவர் நினைப்பிலும் அப்போது வரவில்லை. வந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்போம்?

உங்கள் அம்மா நேமத்தான்பட்டியிலிருந்து பெண் கேட்டு வந்தபோது கிளையைக் கேட்காமல் இல்லை. வாசலில் செருப்பை விட்டதும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அத்தை தன் கிளையைச் சொன்னது. பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அத்தைக்கு நான் தன் வயிற்றுப் பிள்ளை. தன் மகளுக்குத் தன் கிளைதானே? வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த அப்பாவுக்கும் உறைக்கவில்லை. அந்தக் கிளை உங்களுக்குக் கட்டுகிற முறைதான். எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த சந்தையில் நான் உங்களுக்குக் கத்தரிக்காய் கொசுறு போட்டேன். "இது ஆருக்கு, கடைக்காரருக்கா, மாப்பிள்ளைக்கா?" என்று கேட்டீர்கள். பூச்சி விழுந்ததுதான் மாப்பிள்ளைக்கு என்றேன்.

பரிசம் போடும் நாளில் தாய் வழியில் ஒருத்தியாவது இருக்கவேண்டும் என்று அத்தைதான் ஆள் அனுப்பி, முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து என் பெரியம்மாவை வரவழைத்தது. பெரியம்மாவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மோவாயைப் பிடித்து, எந்தங்கச்சி மூக்கு அப்படியே இருக்கு என்று அழுதது. பிறகு உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தது. தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு இந்தக் கண்டாங்கி இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று, நீங்கள் வெளியே வேப்பமரத்தடியில் சட்டைக் காலரைச் சரிசெய்வதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை என்ன கிளை ஆத்தா?" என்று பெரியம்மா சும்மாதான் கேட்டது.

உங்கள் அம்மா சொன்னார்கள்.

"அட, நம்ம கிளை. அப்ப நீ எனக்குத் தங்கச்சியாகணும்." பெரியம்மா சந்தோஷமாகத்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் அதன் கை நின்றது. "இரு. எந்தங்கச்சி வயித்துல பொறந்தவளும் நம்ம கிளைதான? பெறகு எப்படி?"

"பொண்ணு கிளை வேறன்னு சொன்னாகளே."

"ஆரு சொன்னது?"

அத்தை அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. "நாந்தேன்" என்றது. "எம்பிள்ளைன்னு நெனச்சு எங்கிளையச் சொல்லிப்புட்டேன்."

யாரும் சத்தம் போடவில்லை. சண்டை வந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். யார்மேல் கோபப்படுவது? கேட்டவர்கள் மேலா, வளர்த்தவள் மேலா, இருப்பதைச் சொன்னவள் மேலா? அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். உள்ளே பாயசம் அடிப்பிடிக்கிற வாடை வந்தது. நான் போய் இறக்கி வைத்தேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரிந்தது?

உங்கள் அம்மா நல்லவர்கள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். சேலையைக் கையில் எடுத்து, கதவுக்குப் பின்னால் வந்து, என் கையில் வைத்தார்கள். "மருமகளுக்குன்னு கொண்டாந்தேன். கொண்டாந்ததைத் திருப்பிக் கொண்டு போறது நல்லதில்ல. எம்மகளுக்குக் குடுத்ததா வச்சுக்க ஆத்தா." வெளியே போய் உங்களிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. நீங்கள் சைக்கிளை எடுத்தீர்கள். ஏறவில்லை. தள்ளிக்கொண்டே போனீர்கள். கடை வைத்திருக்கிறவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியவில்லையே என்று கேலி வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் நீங்கள் கண்மாய்க் கரை தாண்டிவிட்டீர்கள்.

அந்த வருஷமே உங்களுக்கும் கல்யாணம் ஆனது, எனக்கும் ஆனது. என் வீட்டுக்காரர் தங்கமானவர், அதில் குறை சொல்ல மாட்டேன். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். உங்களை மச்சான் என்று கூப்பிடுவார், பெண்டாட்டியின் அண்ணன் அல்லவா? நான் கூப்பிடவேண்டியிருந்த அந்தச் சொல்லை அவர் வாய் நிறையக் கூப்பிடும்போதெல்லாம், நான் உள்ளே போய் உங்கள் காப்பியில் சர்க்கரையை அள்ளிப் போடுவேன். நீங்களும் முகம் சுளிக்காமல் குடிப்பீர்கள்.

மகளுக்குக் காது குத்து வைத்த வருஷம் ஊரெல்லாம் மழை இல்லை, ரேஷனில் மக்காச்சோளம் போட்டார்கள். குலசாமி கோயிலில் ஆசாரி வந்து ஊசியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளையை மடியில் வைக்க மாமன் யார் என்று என் மாமியார் வீட்டில் கேட்டார்கள். கூடப்பிறந்தவர் எனக்கு யாரும் இல்லை. அப்போதுதான் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. பின்னால் கூடையில் சீர்: பச்சரிசி, வெல்லம், பழம், சின்னதாக ஒரு பட்டுப்பாவாடை. "அம்மா அனுப்புச்சு" என்றீர்கள். உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டீர்கள். ஊசி இறங்கியதும் அது கத்தியது. உங்கள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"காது குத்துனது பிள்ளைக்கு. மலாயாக்காரர் எதுக்கு அழுகுறீக?"

"பொங்கப் பானைப் புகை புள்ள."

"காத்து அங்குட்டுல்ல அடிக்குது."

நீங்கள் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தீர்கள். நானும் அதற்குமேல் சீண்டவில்லை. நம்மைப் பிரித்த முறைதான் என் பிள்ளைக்கு உட்கார ஒரு மடியைக் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்வதா, அதன் தலையில் மண்ணை அள்ளிப் போடுவதா? எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அந்த முறை நம்மைச் சும்மா விடவும் இல்லை. மகள் பெரியவளானாள், உங்கள் மகனும் காலேஜுக்குப் போனான். அவனுக்கு அவன் அம்மா கிளை, என் மகளுக்கு என் கிளை. மாமன் மகன், அத்தை மகள். அருமையான உரிமை என்று ஊரே ஆரம்பித்துவிட்டது. உங்களில் விட்டது பிள்ளைகளில் சேரட்டும் என்று என் வீட்டுக்காரரே சொன்னார், நல்ல மனசோடுதான். சந்தைக்குப் போன அன்று உங்கள் கடையில் நின்று கேட்டேன்.

"என்ன மலாயாக்காரரே, சம்பந்தி ஆயிருவமா? உங்க சீனருகூட ஒத்துக்குவாருல்ல. ரெண்டு வீடு, வேற பேரு."

நீங்கள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வேணாம் புள்ள."

"ஏன், எம்மக கருப்பா இருக்காளா?"

"அவுக ரெண்டு பேரும் மணையில உக்காந்திருப்பாக. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மாத்தி மாத்திச் சம்பந்தின்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்கணும். என்னால ஏலாது."

அத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நீங்கள் பேசியது அந்த ஒரு தடவைதான். எனக்கு ஒரு கேலியும் கிடைக்கவில்லை. வாடகைக்குச் சைக்கிள் கேட்டு வந்த ஒருவருக்கு நீங்கள் பம்பை எடுத்துக்கொண்டு எழுந்தீர்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகளை வலையபட்டியில் கொடுத்தோம். கல்யாணத்துக்குத் தாய்மாமன் மாலை நீங்கள்தான் போட்டீர்கள்.

போன பங்குனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்று ஆள் வந்து சொன்னது. நான் வந்தபோது கூட்டம் இரண்டாக விலகி வழி விட்டது. "தங்கச்சி வந்துருச்சு, விடுங்க" என்றார்கள். தலைமாட்டில் உட்கார இடம் கொடுத்தார்கள். தங்கச்சி இல்லாவிட்டால் தெருவோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். இந்தத் தங்கச்சி முறை எனக்குக் கொடுத்த கடைசி இடம் அது.

உட்கார்ந்துவிட்டேன். அழுவதற்கு ஒரு சொல் வேண்டுமே. மற்றவர்கள் மாமா என்றும் மச்சான் என்றும் அப்பா என்றும் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள். எனக்கு வாய் திறந்தது, சொல் வரவில்லை. உங்களை அண்ணன் என்று நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. சீரைக் கையில் வாங்கியபோதும் மலாயாக்காரரே என்றுதான் சொன்னேன். நீங்களும் என்னைத் தங்கச்சி என்று சொல்லாமல் புள்ள என்றே ஓட்டிவிட்டீர்கள். பக்கத்தில் இருந்த உங்கள் வீட்டுக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணேன்னு சொல்லி அழுதிரு மதினி, உள்ளுக்குள்ள வச்சுக்கிறாத" என்றது. பாவம், அது நல்லதுக்குத்தான் சொன்னது. அது சொன்னதற்காகவாவது முயற்சி பண்ணிப் பார்த்தேன். வெறும் சத்தம்தான் வந்தது. உங்களை எடுத்துக்கொண்டு போகும்வரை அப்படியே சொல்லில்லாமல் அழுதேன். வாயாடி என்று பேர் எடுத்தவள் நான்.

பேர் தெரியாவிட்டால் சீனாவில் குறி கேட்பார்கள் என்றீர்களே. நான் யாரிடம் போய்க் கேட்பது?

பிள்ளை புரள்கிறான். தூளி லேசாக ஆடி நிற்கிறது. கண்டாங்கியின் மடிப்பு ஒன்று இப்போதே இழை விடத் தொடங்கியிருக்கிறது. இவன் தவழ ஆரம்பிக்கிறவரைக்கும் தாங்கினால் போதும். மருமகளுக்கு என்று வந்ததை நான் உடுத்தவில்லை, மகளுக்கு என்று கொடுத்ததையும் உடுத்தவில்லை. எந்த முறையும் தெரியாத ஒருவன் அதற்குள் மூத்திரம் பெய்துவிட்டுத் தூங்குகிறான். மகள் அலசிப் போடவா என்று கேட்கிறாள். அவன் எழுந்திரிக்கட்டும், நானே அலசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மேலே விட்ட இடம் அப்படியே இருக்கிறது. ஏதாவது ஒன்றை எழுதிவிடலாம் என்று பேனாவை அங்கே கொண்டுபோனேன். இவன் சிணுங்கினான். பேனாவை வைத்துவிட்டு ஆட்டினேன்.