கூப்பிட்டால் வரக்கூடியவர்கள்

அன்பின் பஸ்லினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இருமல் குறைந்ததா? கடுகண்ணாவையில் இன்னும் மழைதானா? பினாங்கில் நான் சுகமாகவே இருக்கிறேன். போனில் கோல் எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் செய்யும் சிறுபிள்ளை போனை நம் மகள் றிப்தாதான் முதலில் பரிசோதித்தாள் என்று, நீங்கள் அனுப்பிய வீடியோவை அலுவலகத்தில் பெருமையாகக் காட்டினேன். அதன் மூன்று அழைப்புப் பொத்தான்களிலும் றிப்தா படம் ஒட்டுகிறாள். உம்மாவாக நீங்கள், சாச்சி, வேன் ஓட்டும் நஸீப் நானா.

"வாப்பாட போட்டோ எங்க மகள்?" என்று கேட்கிறீர்கள்.

"கூப்பிட்டா வாற ஆக்கள்ட போட்டோதானே ஒட்டோணும். வாப்பாவுக்கு வர ஏலாதே."

மொழிபெயர்த்துச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் மட்டும் என்ற அந்த விதியைப் போனின் கையேட்டில் எழுதியவனே நான்தான். இன்று நான்காவது பொத்தான் ஒன்று கேட்டுப் பார்த்தேன். சிறுபிள்ளைக்கு மூன்றே போதும் என்று வாதாடியவன் நான்தானே என்று என்னையே கேட்கிறார்கள்.

அலுமாரியில் என் பாஸ்போர்ட் படம் ஒன்று மிச்சம் இருக்கும். அதைப் போனின் பின்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அறைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

ருஷ்தி