நீலத் துணி கட்டிய கோழி

என்னங்க,

செங்கல்பட்டு ஜெயிலில் கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகுதான் உங்களிடம் தருவார்களாம். படிக்கட்டும். நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

வாலாஜாபாத்திலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். அவர் கண்ணெதிரே இன்னொரு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு செத்தது. அறுத்துப் பார்த்தார்.

"விஷமெல்லாம் இல்லம்மா, வெள்ளைக் கழிச்சல் நோவு. புதுசா கோழி எதுனா வாங்கியாந்தீங்களா?"

நீங்கள் சந்தையில் வாங்கி வந்த சேவலைச் சொன்னேன். தலையாட்டினார்.

செத்ததையெல்லாம் ஆழமாகப் புதைக்கச் சொன்னார். எருக்குழியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். போன வாரம் பக்கத்து வீட்டு முனிரத்தினம் அண்ணன் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்த கோழியும் அதில் கிடந்தது. நம் கோழிக்கு விஷம் வைத்துவிட்டு நம்மிடமே காட்ட வருகிறார் என்றுதானே மண்வெட்டியை எடுத்தீர்கள்?

நம் கோழிகளுக்குக் காலில் சிவப்புத் துணி கட்டுவோம். அதன் காலில் அவர்கள் வீட்டு நீலம்.

துணியை அவிழ்த்துக் கொண்டுபோய் அவர் மனைவி கங்கம்மா அக்காவிடம் கொடுத்தேன். வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டவில்லை.

"நம்ம வூட்லயும் சாவுது, அவங்க வூட்ல இன்னா மருந்து குடுக்கறாங்கன்னு கேட்டுகினு வரேன்னுதான்டி போனாரு" என்றாள்.

வாய்தாவுக்கு வேட்டி துவைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாய்