தேயாத என்சைம்

என் தங்கப் பேத்திக்கு,

என்சைம் பற்றி நீ போனில் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் அப்படியே ஒப்பித்தேன். "ரெண்டைச் சேர்த்து வைக்கும், ஆனா தான் மட்டும் தேயவே தேயாது. என் பேத்தி காலேஜ்ல அதைத்தான் படிக்கிறா!" வாயைப் பிளந்துவிட்டாள்.

டாக்டருக்குப் படிக்காமல் நீ இதில் சேர்ந்ததிலிருந்து உன் அப்பன் உன்னோடு பேசுவதில்லை. நேற்றும் என்னிடம், "ஒழுங்கா சாப்பிடறாளான்னு கேளும்மா. நான் கேட்டேன்னு சொல்லாதே" என்றான். நீயும், "அப்பா மாத்திரை போடறாரா பாட்டி? நான் கேட்டதா சொல்லிடாதே" என்கிறாய்.

நான் என்சைம் இல்லையடி, தேய்கிறேன்.

ஞாயிறு காலை என் போனை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு உன் அத்தை வீட்டுக்குப் போகப்போகிறேன். கூப்பிடு. எடுப்பான். எடுத்ததும் திட்டுவான். வைத்துவிடாதே.

உன் படிப்பை ஊரெல்லாம் சொல்லித் திரியும்,
பாட்டி