ஐந்துக்கு மேல்

தங்கச்சிக்கு,

பதறாமல் படி. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும்போது நோயாளிகளை எண்ணச் சொல்வோம். பயத்தில் எல்லோரும் தாய்மொழிக்குத் தாவிவிடுவார்கள். கூடவே எண்ணுவதற்காக நானும் ஆறு பாஷையில் பத்துவரை கற்றுக்கொண்டேன். ஏழுக்கு மேல் போனவர்கள் யாருமில்லை.

இப்போது தமிழ் தெரியாத எங்கள் மயக்க டாக்டருக்குத் தமிழில் எண்ணக் கற்றுக்கொடுக்கிறேன்.

"இங்க யாரு சிஸ்டர் தமிழ்ல எண்ணப்போறா?" என்றார் தன் பாஷையில்.

"வியாழக்கிழமை ஒருத்தி வர்றா, டாக்டர்."

வியாழக்கிழமைப் பட்டியலைப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஒன்று" என்று ஆரம்பித்தார்.

அம்மாவிடம் உளறிவைக்காதே. சின்ன விஷயம்தான். ஆனால் ஐந்துக்கு மேல் அவருக்கு நாக்கு புரளவில்லை. லீவு இல்லையென்று சாக்கு சொல்லாமல் புதன்கிழமையே வந்துவிடு. உன்னை உள்ளே விடச் சொல்லிக் கேட்டு வைத்திருக்கிறேன். ஆறிலிருந்து நீ சொல்லு.

உன் அக்கா