ஓட்டைப் பெட்டியை யார் திறக்கிறார்கள்?

செவ்வாய், மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் மென்பொருளில் ஓட்டை கண்டவர்கள் எழுதட்டும் என்று நாம் வைத்த ஓட்டைப் பெட்டிக்கு இப்போது ஒரு மெயில் போனால் அதை யார் திறந்து படிக்கிறார்கள்? இந்த வாரம் பலர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் கூச்சப்படுகிறவள் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் அப்படிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று பக்கத்துத் தெருவரை போகிறாள்; நடக்கிற நேரத்தைவிட நின்று பேசுகிற நேரம்தான் அதிகம். உன் வீட்டுக்காரர் மாநாட்டை முடித்துக்கொண்டு நேற்று இங்கே வந்தார். நாளை இரவு அவருக்கு விமானம். இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் மெயிலும் ஃபோனும் கம்பெனி கொடுத்தவை. அவற்றில் எழுதக்கூடிய விஷயம் இல்லை இது. பேனா பிடித்து இவ்வளவு எழுதி நெடுநாளாகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆஸ்பத்திரி லேப் மேடம் என் அறைக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு பெண்மணி தன் ரத்தப் பரிசோதனை முடிவை ஃபோனில் திறந்திருக்கிறார். வந்து நின்றது யாரோ ஒரு ஆணின் புராஸ்டேட் அறிக்கை. "என்கிட்ட இல்லாத உறுப்புக்கெல்லாம் ரிப்போர்ட் குடுக்கறீங்களே, இதுக்குத் தனியா பில் போடுவீங்களா?" என்று கேட்டாராம். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேபில் இருந்து சரியான தாள்தான் போயிருந்தது. இடையில் மாறியிருக்கிறது. இடையில் இருப்பது, வெளியாருக்கும் சர்வருக்கும் நடுவே நிற்க நாம் எழுதிய மென்பொருள், நம் கதவு.

மூன்று நாள் உட்கார்ந்து அதை நானே செய்து பார்த்தேன். வெளியே இருந்து வருகிற கோரிக்கை தன் நீளத்தை ஒருவிதமாகத் தவறாகச் சொன்னால், கதவு ஒரு கணக்கை நம்புகிறது, பின்னால் இருக்கும் சர்வர் வேறு கணக்கை நம்புகிறது. மிச்சம் நிற்கும் துண்டு அடுத்தவருடைய கோரிக்கையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இவருடைய பதில் அவருக்குப் போகிறது. தற்செயலாக நடந்தால் வேடிக்கை. தெரிந்தே ஒருவன் செய்தால் எந்த நோயாளியின் அறிக்கையையும் உட்கார்ந்த இடத்திலிருந்து எடுக்கலாம். நம் ஆஸ்பத்திரி மட்டுமா? பள்ளிக்கூடங்கள், நகராட்சி அலுவலகங்கள், உலகம் முழுக்க இலவசப் பதிப்பை நம்பிப் போட்டிருக்கிற சின்னச் சின்ன இடங்கள் எல்லாவற்றிலும் இதே ஓட்டை.

சனிக்கிழமை முதல் எங்கள் சர்வர் லாகில், வந்துபோவதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவில், அதே மாதிரியான கோரிக்கைகள் வெளியிலிருந்து வருகின்றன. முதலில் தப்பும் தவறுமாக வந்தன. இன்று வந்தவை கிட்டத்தட்ட சரியாக இருக்கின்றன. யாரோ பூட்டைத் தடவிப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறான். எங்கள் இடத்தில் நான் கையால் ஒரு தடுப்புப் போட்டுவிட்டேன். மற்ற இடங்களுக்கு விஷயமே தெரியாது.

முன்பு என்றால் இதற்கு இவ்வளவு நீளக் கடிதம் வேண்டாம். ஓட்டை கண்டவர் வெளியில் மூச்சு விடாமல் பெட்டிக்கு எழுதுவார். நீ, நான், தாடி மூவரும் படிப்போம். திருத்துவோம். காசு கொடுப்பவர், கொடுக்காதவர் எல்லோருக்கும் ஒரே மணிக்கு வெளியிடுவோம். பெரிய வங்கிக்கும் மூன்று வகுப்புப் பள்ளிக்கும் ஒரே மணி. நமக்கென்று பெருமைப்பட இருந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பெரிய கம்பெனி நம் கதவை வாங்கிய பிறகு எனக்கும் தாடிக்கும் நன்றி சொல்லி அழகான மெயில் வந்தது. நிரலைத் திருத்தவும் பெட்டியைத் திறக்கவும் எங்களிடம் இருந்த சாவிகள் அன்று மாலையே வேலை செய்யவில்லை. நான் சண்டை போடவில்லை. விற்பது உன் உரிமை, நம் சின்னக் கம்பெனி உன் பெயரில் இருந்தது. "எதுவும் மாறாது" என்று அவர்கள் அறிவித்தார்கள். யாராவது தானாக வந்து எதுவும் மாறாது என்று சொன்னால் நான் உடனே கைப்பையைத் தொட்டுப் பார்க்கிற ரகம். ஆனாலும் நீ உள்ளே இருக்கிறாய் என்று விட்டுவிட்டேன். பிறகு அந்தச் சின்னத் திருத்தம் வந்தது, நினைவிருக்கிறதா? பணம் கட்டியவர்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது. இலவசப் பதிப்புக்கு வாரக்கணக்கில் கழித்து. குறிப்பில் "தாமதம் ஏற்பட்டது" என்று இருந்தது. அதை நீ எழுதியிருக்க மாட்டாய். யார் தாமதித்தார் என்று சொல்லாமல் நீ ஒரு வாக்கியத்தை முடித்ததில்லை.

இந்த ஓட்டையைப் பற்றி வெள்ளிக்கிழமையே பெட்டிக்கு எழுதினேன். ஒரு நொடியில் பதில் வந்தது: வாடிக்கையாளர் எண்ணைக் குறிப்பிடவும், எண் இல்லாத மெயில்கள் வரிசையில் வைக்கப்படும். அவ்வளவுதான். அதன் பிறகு ஒன்றும் இல்லை.

தாடி இப்போது உன்னை "மேலிடம்" என்கிறான். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், அதனால் அந்த உரிமை இருக்கிறது. நேற்று சொன்னான்: "பாப்பா அதைப் படிச்சிருந்தா அன்னைக்கே கூப்பிட்டிருக்கும். படிச்சுட்டு சும்மா இருந்தா, அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லக் கூடாது, உங்க வீட்டு விஷயம்." நம் நிரலை யாரும் பிரதி எடுத்து வேறு பெயரில் நடத்தலாம் என்று உரிமத்தில் எழுதியவர்களே நாம்தான். அவனும் இன்னும் சிலரும் அதைச் செய்துவிட்டார்கள். புதுப் பெயர், புது முகவரி. திருத்தத்தையும் தாடி எழுதி வைத்திருக்கிறான். என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறான்.

நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்க இரண்டு காரணங்கள். திருத்தத்தை வெளியிட்டால் ஓட்டையும் வெளியாகிவிடும். அன்றே போட்டுக்கொள்பவர்கள் பிழைப்பார்கள். தயங்குபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கேள்விப்படாத பெயரிலிருந்து வருவதை யார் நம்பிப் போடுவார்கள்? இரண்டாவது காரணம் நீ. அக்கா வெளியிட்டாள் என்று தெரிந்தால் அங்கே முதலில் யாரைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவோடு பேசும்போது நானும் அந்த அறையில்தான் இருக்கிறேன். "கதவு எப்படி இருக்கு?" என்று அம்மா ஏதோ ஒன்றுவிட்ட அண்ணனை விசாரிப்பதுபோல் கேட்கிறாள். நீ நல்லா இருக்கும்மா என்கிறாய். அந்த "நல்லா இருக்கு"வை எடுத்து வைத்துக்கொண்டு நான் அளந்து பார்க்கிறேன். எனக்கு அளவு கிடைப்பதில்லை. பிறகு ஃபோன் என் கைக்கு வருகிறது, நாம் மழையைப் பற்றிப் பேசுகிறோம். "ரெண்டு பேரும் ஒரே வீட்டு மாடியிலயும் கீழயும் வாடகைக்கு இருக்கிறவங்க மாதிரி பேசிக்கிறீங்க" என்றாள் அம்மா.

பெட்டிக்கு நான் எழுதியதை நீ படித்தாயா? ஆம் அல்லது இல்லை போதும், உன் வீட்டுக்காரர் ஃபோனிலிருந்து அனுப்பு. படித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் காரணத்தைச் சொல். மோசமான காரணமாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை மதியம்வரை காத்திருப்பேன். அதற்கு மேல் என்னால் முடியாது. இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எதைச் செய்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதுவரை எழுதியதில் அது தெரியாமல் போயிருந்தால் என் எழுத்தின் குறை.

உன் அக்கா


புதன், மாலை

பாப்பா,

ஒட்டிய உறையைப் பிரித்து இந்தத் தாளையும் சேர்க்கிறேன். மேலே உள்ள கேள்விக்கு இனி பதில் வேண்டாம். ஆனாலும் அதைக் கிழித்துப் போடவில்லை. உன்னைப் பற்றி நான் எப்படியெல்லாம் நினைத்தேன் என்பது உன் கைக்கு வரட்டும்.

காலையில் உன் வீட்டுக்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது உறையைக் கொடுத்தேன். பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "அந்தப் பெட்டியைப் பத்தி எழுதியிருக்கீங்களாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம்தான் சொன்னார். வாங்கிய இரண்டாம் மாதமே உனக்குப் பெரிய பதவிப் பெயரும் ஜன்னல் வைத்த அறையும் கொடுத்துச் சாவிகளை வாங்கிக்கொண்டார்களாம். பெட்டிக்கு வருவது விற்பனைப் பிரிவின் வரிசையில் போய் விழுகிறதாம். அதை யாரும் படிப்பதில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா, அதான் பயமா இருக்குன்னு சொல்லுவா."

அம்மா அதுவரை காதில் விழாததுபோல் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி, "ஃபோனைப் போடுங்க மாப்பிள்ளை" என்றாள்.

கம்பெனி ஃபோனை வைத்துவிட்டு வேறு ஃபோனிலிருந்து நீ கூப்பிட்டுப் பேசியது உனக்குத் தெரியும். நீ பார்க்காததை மட்டும் எழுதுகிறேன். தாடியும் அதற்குள் இங்கே வந்துவிட்டான். திருத்தத்தை நான் வரி வரியாகப் படிக்க, நீ "நில்லு, அதுக்கு முந்தின வரியைப் படி" என்று சொன்னாயே, நீளமே சொல்லாமல் வரும் கோரிக்கையைத் தாடி அப்படியே உள்ளே விட்டிருந்த இடம், அப்போது அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது நீ ஃபோனை வைத்துவிட்டாய். "மேலிடம் இன்னும் நிரல் படிக்குது" என்றான். மன்னிப்புக் கேட்டான் என்று நினைத்துக்கொள். அவனுக்கு அதற்கு மேல் வராது.

திருத்தத்தை நான் பார்த்தேன் என்று என் பெயரையும் போடு, என்று நீ சொன்னதை நான் ஏற்கவில்லை. இரண்டு வருடம் வெளியில் ஒரு வரி எழுதக் கூடாது என்று கம்பெனிக்கு நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். உன் பெயர் இல்லாமல்தான் மதியத்துக்கு முன்னால் வெளியிட்டோம்.

நான் பயந்ததே நடந்தது. நீங்கள் யார், இது உண்மையா, பொறியா என்று கேள்விமேல் கேள்வி. ஒரு பள்ளிக்கூடத்து சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர், பெயர் தெரியாதவர்கள் கதவைக் கழற்றி மாட்டச் சொன்னால் மாட்டிவிடுவேனா என்று எழுதினார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். தாடியின் பதில்கள் சூடாகிக்கொண்டே போயின. அவனைச் சாப்பிட அனுப்பினேன். எங்கள் லாகில் பூட்டைத் தடவுகிறவன் இப்போது தடவவில்லை, நேராக இடித்தான். எங்கள் அறிவிப்பைப் படித்துவிட்டான். இன்னும் யாரும் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு வழி சொல்லிக் கொடுத்தது நான்தான் என்ற நினைப்போடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அறிவிப்பின் கீழே உன் பெயரில் அந்த வரி வந்தது. "நான் வரி வரியாகப் பார்த்துவிட்டேன். இன்றே போடுங்கள்."

உன் வீட்டுக்காரர் என் பின்னால் நின்று படித்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். என்னடி என்று அம்மா கேட்டாள். பாப்பா சொல்லிட்டா என்றேன்.

முதலில் அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்தான் போட்டார். "இவங்க சொன்னா சரி" என்று எழுதிவிட்டுப் போட்டார். பிறகு ஒவ்வொருவராக. நான்கு மணிக்குள் நமக்குத் தெரிந்த இடங்களில் பெரும்பாலானவை போட்டுவிட்டன. மிச்சம் இருப்பவர்களுக்குத் தாடி ஃபோன் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு நகராட்சியில் காவலாளி எடுத்தார். கம்ப்யூட்டர் சார் வந்ததும் சொல்கிறேன், கதவில் என்ன ரிப்பேர், கீல் போய்விட்டதா என்று கேட்டாராம். ஆமாம் அண்ணே, கீல்தான் என்று சொல்லியிருக்கிறான்.

உன் கம்பெனியும் பின்னால் அதே திருத்தத்தை வெளியிட்டது. பணம் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் ஒரே மணிக்கு. வேறு வழி இல்லை அவர்களுக்கு. யார் கண்டது, யார் பார்த்தது என்று ஒரு சொல் இல்லை. இனி இரண்டு கதவுகள் இருக்கும். எது பிழைக்கும் என்று தாடி கேட்டான். தெரியாது என்றேன்.

ஐந்து மணி இருக்கும், உன் வீட்டுக்காரருக்கு உன் செய்தி வந்தது. படித்துவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினார். டீ குடிக்கக் கீழே இறங்கினாய், திரும்பி வந்தபோது கதவைத் திறக்கும் உன் ஆபீஸ் அட்டை வேலை செய்யவில்லை, வரவேற்பில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அவர் பெட்டியைக் கட்டுகிறார். விமானத்துக்கு நேரம் இருக்கிறது, ஆனாலும் இப்போதே கிளம்பவேண்டும் என்கிறார்.

நீ செய்தது சரியா என்று இப்போது என்னைக் கேட்காதே. நான் வேண்டாம் என்று சொன்னேன், நீ கேட்கவில்லை. என்னைக் கேட்டு நடந்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அவர் வந்து சேர்கிறவரை தனியாக இருக்காதே, யாரையாவது கூட வைத்துக்கொள். பிறகு இருவரும் வாருங்கள். வருவதற்குக் காரணம் சொல்ல வேண்டாம், எத்தனை நாள் என்று சொல்ல வேண்டாம்.

உள்ளறைக் கட்டில்மேல் கிடந்த பழைய சர்வர்களை நானும் தாடியும் இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டோம். அம்மா விரிப்பை மாற்றிப் போட்டிருக்கிறாள்.

உன் அக்கா