வடிவின் முகப்பரு

வடிவின் அப்பாவுக்கு,

உறியில் சோறும் புளிக்கறியும் இருக்கிறது. நெல் எடுக்க ஆள் வந்தால், பத்தாயத்துச் சாவி விளக்குமாடத்தில்.

மகள் முகத்தில் பரு வந்ததும், "எவனையோ நெனைக்கா" என்று சொல்லிக் காலேஜை நிறுத்தினீர்கள். நேற்று டாக்டரிடம் காட்டினேன். "இந்த வயசுல எல்லாருக்கும் வாறதுதான். கிள்ளாம முகத்தைக் கழுவினா போதும்" என்றார். உங்கள் அண்ணன் மகன் குலசேகரனுக்கும் முகமெல்லாம் பரு. அவன் யாரை நினைக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை, காலேஜுக்கும் போகிறான்.

வடிவை மறுபடி சேர்க்க நாகர்கோவில் போகிறோம்.

தாணம்மாள்

மகளுக்கு அரைத்த சந்தனம் மீதி இருக்கிறது. கோபத்தில் உடம்பு சூடானால் பூசிக்கொள்ளுங்கள்.

"அப்பா எங்கூட பேசுவாவளாம்மா?" என்று கேட்டபடியே வடிவு கிளம்புகிறாள். சாயங்காலம் பஸ்ஸுக்கு வந்து நில்லுங்கள். பதிலை நீங்களே சொல்லுங்கள்.